கடைசித் தவணை கட்டிய பிறகு

வெள்ளிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் கடனைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பட்டர்வொர்த்தில் ஒரு வங்கியின் வாடகைக் கொள்முதல் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தவள். கார் கடன் கேட்டு வந்தவர்களின் முகத்தையும், கடன் முடித்துப் போனவர்களின் முகத்தையும் பார்த்தே என் பாதி வயது போனது.

*

கேள்வி: அக்கா, நாங்கள் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம். எனக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. 2017-இல் மைவி 1.3 எடுத்தோம். கடன் 40,000 வெள்ளி, வட்டி 3 விழுக்காடு, 9 வருடம். மாதம் 470 வெள்ளி சொச்சம் கட்டுகிறோம். 2020-இல் தவணை ஒத்திவைப்பு கொடுத்தபோதுகூட நாங்கள் எடுக்கவில்லை. இன்னும் 14 தவணை பாக்கி. என் இ.பி.எஃப். சேமநிதியின் மூன்றாவது கணக்கில் 6,500 வெள்ளி இருக்கிறது. அதை எடுத்து ஒரேயடியாக அடைத்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறேன். என் கணவரோ, கடன் முடியும்போது மைவியைக் கொடுத்துவிட்டுப் பெரிய கார் எடுக்கலாம், மாதம் ஆயிரம் சொச்சம்தான் வரும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தங்கச்சி, இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கணக்குப் போட்டே சொல்கிறேன்.

உங்கள் கடனுக்கு வருடம் 3 விழுக்காடு வீதம் 9 வருடத்துக்கு வட்டி 10,800 வெள்ளி. கையெழுத்துப் போட்ட அன்றே அதை அசலோடு சேர்த்து 50,800 என்று எழுதி, 108 மாதமாக வகுத்துவிட்டார்கள். மாதாமாதம் ஒரே தொகை போவதால், எல்லா மாதமும் வட்டியும் ஒரே அளவுதான் போகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இந்த மாதிரி ஒப்பந்தத்தில் முன்கூட்டியே கடனை முடித்தால் எவ்வளவு வட்டி தள்ளுபடி என்பதை '78 விதி' என்ற கணக்கில் பார்ப்பார்கள். ஒரு வருடக் கடனாக இருந்தால் முதல் மாதத்துக்கு 12 பங்கு, அடுத்த மாதத்துக்கு 11, அப்படியே இறங்கிக் கடைசி மாதத்துக்கு ஒரு பங்கு. எல்லாவற்றையும் கூட்டினால் 78 வரும். பெயர் அதிலிருந்து வந்தது.

உங்களுடையது 108 மாதம். முதல் மாதத்துக்கு 108 பங்கு, கடைசி மாதத்துக்கு 1. மொத்தம் 5,886 பங்கு. 10,800 வெள்ளியை அதில் பிரித்தால் ஒரு பங்குக்கு 1 வெள்ளி 83 காசு. அப்படியானால் நீங்கள் கட்டிய முதல் தவணையில் 198 வெள்ளி வட்டி. கடைசித் தவணையில் வட்டி வெறும் 1 வெள்ளி 83 காசு. நாலரை வருடம் முடிந்தபோதே முக்கால்வாசி வட்டியைக் கட்டி முடித்துவிட்டீர்கள்.

இனி உங்கள் 14 தவணையைப் பார்ப்போம். அவற்றின் பங்கு 105. அதாவது 192 வெள்ளி 66 காசு. இன்றைக்கு வங்கிக்குப் போய் மொத்தமாக அடைத்தால், 6,585 வெள்ளிக்குப் பதில் சுமார் 6,392 வெள்ளி கட்டுவீர்கள். லாபம் 193 வெள்ளி, அவ்வளவுதான். இதற்காக மூன்றாவது கணக்கைத் துடைத்து எடுக்க வேண்டுமா? இ.பி.எஃப். 2024-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அதே 6,392 வெள்ளி அங்கேயே ஒரு வருடம் கிடந்தால் அந்த விகிதத்தில் 400 வெள்ளி வரும். கடனை அடைத்துவிட்டு மாதம் 470-ஐச் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன் என்பீர்கள். சேமிப்புக் கணக்கு அந்த அளவு வட்டி தராது. அதைவிட முக்கியம், எட்டு வயதுக் காரை வைத்துக்கொண்டு தினமும் பினாங்குப் பாலம் கடக்கிறீர்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் உடனே எடுக்கக் கூடிய பணம் அது ஒன்றுதான். அதைத் தொடாதீர்கள்.

(இதையே மூன்றாவது வருடம் முடிந்தபோது கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்போது 72 தவணை பாக்கி, தள்ளுபடி 4,822 வெள்ளி. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற வேகம் கடனின் தொடக்கத்தில்தான் பலன் தரும். நம்மவர்களுக்கு அது கடைசியில்தான் வருகிறது. என் மேசைக்கு முன்னால் நூறு தடவை இதைப் பார்த்திருக்கிறேன்.)

அப்புறம் உங்கள் கணவர் சொல்வது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்பது வருடம் ஒரே காரை ஓட்டியவருக்கு ஆசை வருவது நியாயம். ஒரு லட்சம் வெள்ளிக் கார் என்று வைத்துக்கொள்வோம். மைவியைக் கொடுத்து அதையே முன்பணமாக்கினால் 90,000 வெள்ளி கடன் நிற்கும். 3 விழுக்காடு, 9 வருடம் என்றால் வட்டி மட்டும் 24,300. மாதம் 1,058 வெள்ளி. அவர் சொன்ன 'ஆயிரம் சொச்சம்' இதுதான்.

மைவியை இன்னும் நாலு வருடம் வைத்திருந்தால் என்ன ஆகும்? கடன் முடிந்த அடுத்த மாதத்திலிருந்து அதே 470 வெள்ளியை உங்கள் பெயரிலேயே கட்டுங்கள். 48 மாதத்தில் 22,560. பழுதுபார்க்க ஆகும் செலவைக் கழித்து, மைவியை விற்று வருவதைச் சேர்த்தால் 30,000 வெள்ளி முன்பணம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. 70,000 வெள்ளிக் கடனை 6 வருடத்தில் முடிக்கலாம். வட்டி 12,600. மாதம் 1,147 வெள்ளி, அவர் சொன்னதைவிட 89 வெள்ளி கூடுதல். ஆனால் மூன்று வருடம் குறைவு, வட்டியில் 11,700 வெள்ளி மிச்சம். இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் போட்ட கணக்கு என்றால் அவருக்கு மனதில் நிற்கும்.

'உங்கள் பெயரிலேயே கட்டுங்கள்' என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சறுக்கல் அங்கேதான் வரும்.

எங்கள் முதல் கார் கஞ்சில். 1997-இல் எடுத்தோம், ஏழு வருடக் கடன், மாதம் 365 வெள்ளி. 2004 மார்ச்சில் முடிந்தது. இனி மாதம் 365 வெள்ளி கையில் நிற்கும் என்று அவ்வளவு சந்தோஷம். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் போனது. ஒரு ராத்திரி நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன். 1,095 வெள்ளி மிஞ்சியிருக்க வேண்டும். சேமிப்பில் ஒன்றுகூட ஏறவில்லை. என்ன வாங்கினோம்? மகளுக்குச் சப்பாத்து, இரண்டு தடவை குடும்பத்தோடு வெளியே சாப்பாடு, ஒரு மின்விசிறி. நானூறு வெள்ளிக்குக் கணக்கு வந்தது. மீதி எழுநூறுக்கு நானும் பதில் சொல்ல முடியவில்லை, என் கணவரும் சொல்ல முடியவில்லை. ஏழு வருடம் ஒரு மாதம்கூட விடாமல் கடன் கட்டிய வீட்டில், நமக்கே நாம் கட்ட வேண்டிய பணம் மூன்றே மாதத்தில் கரைந்துபோனது. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் மறக்கவில்லை.

ஜூலையில் வேறொரு வங்கியில் கணக்குத் திறந்தோம். ஏ.டி.எம். அட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தவணை கட்டிய அதே ஐந்தாம் தேதி, அதே 365 வெள்ளி. அவர் அதைச் சேமிப்பு என்றே சொல்லமாட்டார், 'தவணை கட்டிட்டு வந்துட்டேன்' என்பார். 2010 மார்ச் வரை 69 மாதம், 25,185 வெள்ளி. இடையில் நாலு டயர், இரண்டு பேட்டரி, டைமிங் பெல்ட், ஏர்கோன் கம்ப்ரசர் என்று 4,600 வெள்ளி போல அதிலிருந்துதான் எடுத்தோம். வீட்டுச் செலவில் கை வைக்கவில்லை. மிச்சமிருந்த இருபதாயிரத்தை முன்பணமாகப் போட்டு ஒரு விவா எடுத்தோம், மூன்றே வருடக் கடன். 2013-க்குப் பிறகு எங்கள் வீட்டில் கார் தவணை என்று ஒன்று இல்லை. அந்த விவாவைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். சாலை வரி வருடத்துக்கு 20 வெள்ளி.

தவணை இல்லை என்பதற்காகக் கார் சும்மா ஓடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் டோல் 5 வெள்ளி 74 காசு, 22 நாளைக்கு 126 வெள்ளி. உங்கள் மைவிக்குச் சாலை வரி 70 வெள்ளி. நம் வெயிலுக்கு பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். எட்டு வயதில் அப்சோர்பர், லோவர் ஆர்ம் புஷ், என்ஜின் மவுண்டிங் எல்லாம் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும். பயப்படாதீர்கள். நம்பிக்கையான ஒரு ஃபோர்மனைப் பிடித்து, கடன் முடியும் மாதத்தில் காரை ஒரு தடவை முழுக்கத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதே மாற்ற வேண்டியது எது, ஒரு வருடம் தாங்குவது எது என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு 470-இல் எவ்வளவு பழுதுக்கு, எவ்வளவு அடுத்த காருக்கு என்று பிரிக்கலாம்.

*

கேள்வி: கடன் முடிந்துவிட்டது. இனி முழுக் காப்புறுதி எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறார் நண்பர். மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதுமா?

பதில்: கட்டாயம் இல்லை என்பது உண்மை. கடன் இருக்கும்வரை முழுக் காப்புறுதி கேட்டது வங்கி. ஆனால் உங்கள் காரை யாரோ திருடிப் போனாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ இன்னொன்று வாங்க வசதி இருக்கிறதா என்று யோசியுங்கள். ஐந்து வருடம் கோரிக்கை இல்லாமல் ஓட்டியவருக்கு என்.சி.டி. கழிவு 55 விழுக்காடு. அந்தக் கழிவோடு பார்த்தால் வித்தியாசம் குறையும். (வெள்ளத்துக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு, சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.) இன்னொன்று, காப்புறுதிப் பத்திரத்தில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இழப்பீடு வரும்போது உங்கள் பெயருக்கு வரவேண்டும்.

*

கேள்வி: வேலை போய் இரண்டு மாதத் தவணை கட்டவில்லை. எந்த நேரம் கார் இழுக்க வருவார்களோ என்று மகன் காரைப் பக்கத்துத் தாமானில் கொண்டுபோய் நிறுத்துகிறான். ராத்திரி தூக்கம் இல்லை.

பதில்: அண்ணே, காரை ஒளிக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தில் உங்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகுதான் வங்கி நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் அவகாசம் தர வேண்டும். காரின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இழுக்கவே முடியாது. உங்கள் அட்டவணையை எடுத்து முதலில் அதைப் பாருங்கள். பிறகு அவர்கள் கூப்பிடும் முன்பே நீங்கள் வங்கிக்குப் போங்கள். தானாக வந்து பேசுகிறவருக்கும் தேடிப் பிடிக்க வேண்டியவருக்கும் நாங்கள் காட்டிய வித்தியாசம் எனக்குத் தெரியும். ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்திலும் பேசிப் பாருங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள்.

*

கேள்வி: தவணை கட்ட முடியாமல் காரைத் தெரிந்த ஒருவருக்கு 'சம்போங் பாயார்' கொடுத்துவிட்டேன். அவர் மாதாமாதம் கட்டுவதாகப் பேச்சு. இப்போது மூன்று மாதமாக போனை எடுப்பதில்லை. வங்கியிலிருந்து எனக்குக் கடிதம் வருகிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்களைத் திட்டிப் பயனில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவாவது தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைசித் தவணை முடியும்வரை அந்தக் காரின் சொந்தக்காரர் வங்கிதான். நமக்கு இல்லாத ஒன்றை நாம் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரை ஒட்டினாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. தவணை தவறினால் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்ற கடன் பதிவில் ஏறுவது உங்கள் பெயர். சம்மன் வருவது உங்கள் வீட்டுக்கு. அந்தக் காரில் யாராவது ஏதாவது தப்பான காரியம் செய்தால், போலீஸ் முதலில் தேடி வருவதும் உங்களைத்தான்.

உடனே செய்ய வேண்டியது: கார் யாரிடம் இருக்கிறது, எப்போது கொடுத்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று போலீஸில் புகார் கொடுங்கள். குறுஞ்செய்தி, பணம் போட்ட ரசீது ஒன்றையும் அழிக்காதீர்கள். புகாரின் பிரதியோடு வங்கிக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு சட்டத் துறை ஆளையும் பாருங்கள், ஏனென்றால் கொடுத்தவர் மேலும் தப்பு இருக்கிறது. சிரமமான வாரமாகத்தான் இருக்கும். ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயரில்தான் கடன் ஏறுகிறது.

தவணை பாரமாக இருக்கிறது, இறக்கி வைக்க வேண்டும் என்றால் வங்கியிடம் முடிப்புத் தொகை கேட்டு, வாங்குபவரின் கடன் வழியாக அதை அடைத்து, முறையாகப் பெயர் மாற்றிக் கொடுக்கும் வழி இருக்கிறது. கையில் கொஞ்சம் நட்டம் வந்தாலும் அன்றோடு முடிந்துவிடும்.

*

கேள்வி: போன மாதம் கடைசித் தவணை கட்டிவிட்டேன் அக்கா. வங்கியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தானாக எல்லாம் நடந்துவிடுமா?

பதில்: தானாக நடக்கும் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் கஞ்சிலின் கதையைக் கேளுங்கள். அந்தக் கடன் நான் வேலை பார்த்த இடத்தில் எடுத்ததல்ல, என் கணவர் வேறொரு நிறுவனத்தில் எடுத்தது. 2004-இல் முடிந்ததும், அவர்கள் கூப்பிடுவார்கள் என்று அவர் இருந்துவிட்டார். நானும் கேட்கவில்லை. 2010-இல் விற்கப் போனபோதுதான் தெரிந்தது, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே. பதிவில் அந்த நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை அப்படியே நிற்கிறது. காரணம், எப்போதோ ஒரு தவணை பிந்தியதற்கு 11 வெள்ளி 40 காசு தாமதக் கட்டணம் பாக்கி. ஆறு வருடமாக யாரும் ஒரு கடிதம் போடவில்லை. அதைக் கட்டி, கிளைக்கும் தலைமையகத்துக்கும் ஏழு வாரம் அலைந்தோம். காரை வாங்க வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். மனிதர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை, 'உங்க காடியே இல்லயே, எப்படி விக்கிறீங்க?' அவர் சொன்னதில் தப்பில்லை.

அதனால் இந்த வாரமே வங்கிக்குப் போய், கணக்கு ஒரு காசு மிச்சமில்லாமல் மூடப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். தாமதக் கட்டணம் ஏதும் நின்றால் அங்கேயே கட்டிவிடுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ஜே.பி.ஜே. முகப்பில் அடையாள அட்டையைக் காட்டி, உரிமைக் கோரிக்கை நீங்கிவிட்டதா என்று பாருங்கள். நீங்கவில்லை என்றால் வங்கிக்குத் திரும்பிப் போங்கள். 2020-இல் ஒத்திவைப்பு எடுத்தவர்கள் கவனிக்க வேண்டும், உங்கள் கடைசித் தவணை பழைய அட்டவணையில் இருக்கும் மாதமாக இருக்காது, தள்ளிப் போயிருக்கும்.

நாங்கள் புதுக் காருக்குக் கோயிலில் பூசை போடுகிறோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். அன்றைக்கு அது வங்கியின் கார். விவாவின் கிரான் (கார் உரிமைச் சான்றிதழ்) எங்கள் பெயர் மட்டும் போட்டு 2013-இல் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை, என் கணவர் காரைக் கழுவி, கோயிலுக்குக் கொண்டுபோய் மறுபடியும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். ஐயர், 'பழைய வண்டியாச்சே' என்று கேட்டார். 'இன்னைக்குத்தான் சாமி எங்களோடது' என்றார் இவர். கிரானையும் தட்டில் வைத்துத்தான் தீபாராதனை காட்டினார்கள். குங்குமம் பட்ட சிவப்பு இன்னும் அதன் ஓரத்தில் இருக்கிறது.

கிரான் கிடைத்ததும் அசலைக் காருக்குள் போட்டு வைக்காதீர்கள். கார் திருடு போனால் அதுவும் சேர்ந்து போய்விடும். அசல் வீட்டில், நகல் காரில். வங்கி கொடுத்த முடிப்புக் கடிதத்தையும் அசலோடு சேர்த்து வைத்து, எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளில் ஒருவரிடமாவது காட்டிவிடுங்கள்.